விதை வாங்கும் முன் கைக்கு வருகிற முன்னறிவிப்பு எது?

கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு இரண்டு துண்டு நிலம். ஒன்று மேட்டில், இன்னொன்று ஓடைக்கரையில். கடைபோகத்துக்கு, அதாவது ஆண்டின் கடைசிச் சாகுபடிக்கு, ஆகஸ்ட் கடைசியில் கேரட் விதைத்தால் டிசம்பரில் பிடுங்கலாம். நடுவில் வடகிழக்குப் பருவமழை வந்து போகும். மழை மிஞ்சினால் ஓடைக்கரைக் கேரட் அழுகிவிடும். மழை ஏமாற்றினால் மேட்டுத் துண்டுக்குத் தண்ணீர் ஏற்றியே டீசல் காசு கரைந்துவிடும். எதில் எவ்வளவு விதைப்பது என்று முடிவெடுக்கத்தான் பருவகால முன்னறிவிப்புகளைப் பார்க்க ஆரம்பித்தேன். பார்த்தது மூன்று கடைபோகம்தான், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பஞ்சாங்கத்தை அம்மா வாசிப்பார், நானும் கேட்டுக்கொள்வேன். விதை அளவை மாற்றியதில்லை.

அடுத்தது டிவியில் வரும் எல் நினோ கணக்கு. பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதி சூடானால் எல் நினோ, அப்போது தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்யும். குளிர்ந்தால் லா நினா, மழை குறையும். இப்படி ஒரு பொது விதி. 2015-இல் எல் நினோ, அந்த ஆண்டுதான் சென்னை மூழ்கியது. 2016-இல் லா நினாப் பக்கம் சாய்ந்தது, பருவமழை பாதிகூடப் பெய்யவில்லை. ஆஹா, பிடித்துவிட்டோம் என்று தோன்றும். ஆனால் 2021-உம் லா நினா ஆண்டுதான், தமிழ்நாட்டில் இயல்பைவிடப் பாதிக்கும் மேல் கூடுதலாகக் கொட்டித் தீர்த்தது. இந்தியப் பெருங்கடலும் தன் பங்குக்கு வேலை பார்ப்பதால், பசிபிக்கை மட்டும் வைத்து விதை வாங்க முடியாது.

சரி, இந்திய வானிலை ஆய்வு மையம். ஏப்ரலில் முதல் அறிவிப்பு, மே கடைசியில் திருத்தம். ஜூன் முதல் செப்டம்பர் வரை நாடு முழுவதற்குமான சராசரி 87 செ.மீ., அதில் இத்தனை சதவீதம் பெய்யும் என்று ஓர் எண். செய்தித்தாளில் பெரிய எழுத்தில் வருவது அந்த எண்தான். 2019-இல் 96 சதவீதம் என்றார்கள், பெய்தது 110. 2024-இல் 106 என்றார்கள், 108-க்குப் பக்கத்தில் வந்தது. பிசகுவதும் பொருந்துவதும் எல்லாருக்கும் உண்டு, அதற்காக நான் கோபித்துக்கொள்ளவில்லை. 2021 முதல் பல கணினி மாதிரிகளைச் சேர்த்து, நிகழ்தகவு வரைபடமும் தருகிறார்கள். பழையதைவிட அது எவ்வளவோ மேல்.

எனக்கு இடிப்பது தேதி. அக்டோபர் முதல் டிசம்பர் வரையான தென்னிந்திய மழைக்கான அவர்களுடைய அறிவிப்பு செப்டம்பர் கடைசியில்தான் வரும். அப்போது என் கேரட் முளைத்து, முதல் களையும் எடுத்து முடிந்திருக்கும். நெல் போடுகிற டெல்டாக்காரர்களுக்கு அந்தத் தேதி ஒத்துவரலாம், எங்கள் கடைபோகத்துக்கு ஒத்துவராது. எந்த முன்னறிவிப்பு துல்லியம் என்று ஒரு வருஷம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் இந்தச் சின்ன விஷயம் உறைத்தது. மேட்டுப்பாளையம் மண்டிக்கு மூட்டை போய்ச் சேர்ந்த பிறகு விலை கேட்பது போலத்தான் அது.

அதனால் நான் சாய்ந்தது ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் என்ற காலநிலைச் சேவை தரும் வரைபடங்களின் பக்கம். மாதாமாதம் 10-ஆம் தேதி வாக்கில் புதிதாக வரும், காசு கிடையாது. ஆகஸ்டில் திறந்தாலே அக்டோபர்-டிசம்பர் தெரியும். குறைவு, இயல்பு, மிகை என மூன்று பங்கு. எதுவும் தெரியாத நிலையில் ஒவ்வொன்றுக்கும் 33 சதவீதம், அதிலிருந்து எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை நிறம் காட்டும். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஐ.ஆர்.ஐ. என்ற காலநிலை ஆய்வு நிறுவனத்தின் வரைபடமும் இதே பாணிதான், மாத நடுவில் வரும், புதிதாகப் பார்ப்பவருக்கு அதுவே எளிது. நான் கோப்பர்நிக்கஸைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், ஐரோப்பிய வானிலை மையம், பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, அமெரிக்கா, ஜப்பான் என்று ஒவ்வொருவர் கணிப்பையும் தனித்தனியாகப் பார்க்க முடிகிறது. எல்லாரும் மிகைப் பக்கம் சாய்ந்தால் ஓடைக்கரையில் விதையைக் குறைப்பேன். ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் வழக்கம்போலப் பாதிப் பாதி. 1993 முதல் 2016 வரையான ஆண்டுகளுக்கு மாதிரிகளைத் திருப்பி ஓட்டி, எங்கே எவ்வளவு பொருந்தியது என்றும் போட்டிருக்கிறார்கள். நான் முதலில் பார்க்கத் தவறியதும் அதைத்தான்.

முதல் வருஷம் மிகைப் பக்கம் 50 சதவீதம் காட்டியது. நான் அதை 'மழை உறுதி' என்று படித்து, ஓடைக்கரையைத் தரிசாகப் போட்டேன். மழை சாதாரணமாகத்தான் பெய்தது. "என்னண்ணே, கம்ப்யூட்டர் கை விட்டுடுச்சா?" என்று விதைக்கடைத் தம்பி சிரித்தான். கம்ப்யூட்டர் மீதி 50-ஐயும் சொல்லித்தான் இருந்தது, நான்தான் படிக்கவில்லை.

ஒரு பெரிய குறை உண்டு. வரைபடத்தின் ஒரு கட்டம் ஒரு பாகை, ஏறக்குறைய 110 கிலோமீட்டர். நீலகிரி மாவட்டமே அதில் ஒரு மூலைக்குக் காணாது. கூடலூருக்குத் தென்மேற்கு மழை, குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்கு மழை, மசினகுடி மழை மறைவு என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. 2009 நவம்பரில் கேத்தியிலும் 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியிலும் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அந்த மாதிரி ஒரு நாளை எந்தப் பருவகால வரைபடமும் காட்டாது. அதற்கு அன்றன்றைய எச்சரிக்கைதான் கதி.

வெப்பநிலை வரைபடத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. நம்மூர் பெரும்பாலும் சிவப்பாகவே இருக்கும். மூன்று மாதச் சராசரி கூடுதல் என்பது அதன் பொருள். ஆனால் உறைபனி சராசரியில் விழுவதில்லை. மேகமில்லாத, காற்றில்லாத, வறண்ட ஜனவரி ராத்திரி ஒன்று போதும், பள்ளத்துத் தேயிலை விடிவதற்குள் கருகிவிடும். சிவப்பு வரைபடத்தை நம்பி நாற்றுக்கு மூடாக்குப் போடாமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். நான் பனிக்காலத்துக்கு இன்னும் அப்பா சொன்ன வழிதான்: சாயங்காலம் வெளியே வந்து வானத்தைப் பார்ப்பது.

தென்மேற்குப் பருவத்துக்கு, கூடலூர், பந்தலூர் பக்கம் விவசாயம் பார்ப்பவருக்கு, என் கணக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். அங்கே எனக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. வரும் ஆகஸ்டிலும் 10-ஆம் தேதி தாண்டியதும் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் விதைக்கடைக்குப் போவேன். ஓடைக்கரையை முழுக்கத் தரிசாக விடுவதாக இல்லை.