37 சின்னக் கட்டைகள்

37 சின்னக் கட்டை வைத்த ஒரு சிந்தசைசரின், அதாவது திருகிகளைத் திருப்பி நாமே ஒலியை உருவாக்கும் கீபோர்டின், விலை இறங்கிவிட்டதாம். தம்பலகாமத்துத் தம்பி ஒருவன் படத்தை அனுப்பி, "அண்ணா, நீங்கள் வைத்திருக்கிற அதே சாமான்தானே? எடுக்கட்டா?" என்று கேட்டான். ஓம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் எழுத முடியவில்லை. அதனால்தான் இந்த நீட்டு. பெயரைச் சொல்லி எந்தக் கம்பனியையும் வம்புக்கு இழுக்கப் போவதில்லை. சின்னக் கட்டை, நிறையத் திருகிகள், பக்கங்களில் மரம், முதுகில் மாட்டினால் தெரியாத பாரம்: இந்தச் சாதி சிந்தசைசர்கள் அநேகத்துக்கும் நான் சொல்வது பொருந்தும்.

வடிவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேடையில் வைத்தால் கல்யாண வீட்டு வீடியோக்காரர் பாடகியை விட்டுவிட்டு இதைத்தான் படம் பிடிப்பார். பாடகிக்கு அதில் கொஞ்சம் கோபம்.

தூக்கிப்போவதிலும் குறை இல்லை. இரண்டு கிலோ சொச்சம்தான். மோட்டார் சைக்கிளில் முதுகில் போட்டுக்கொண்டு கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூர் வரை போய் வாசித்துவிட்டு இரவே திரும்பலாம். எங்கள் குழுவில் இன்னொருவரிடம் 88 கட்டை வைத்த யமஹா எம்எக்ஸ் 88 கீபோர்டு இருக்கிறது, 14 கிலோ. அவருக்கு ஓட்டோ வேண்டும், தூக்க இன்னோர் ஆள் வேண்டும், இறக்கும் இடத்தில் படி இருக்கக் கூடாது. என்னுடையது ஆறு பென்டோர்ச் பற்றரியிலும் ஓடும். 2022இல் இலங்கையில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில் வீட்டில் வேலை செய்த வாத்தியம் இது ஒன்றுதான். அதை மறந்து பேசினால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவேன்.

சரி, இனிக் கட்டைக்கு வருவோம்.

வழமையான கீபோர்டில் ஒரு ஸ்தாயியின், அதாவது ஒரு ச முதல் அடுத்த ச வரையான, அகலம் 16 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூட. இதில் 14 அளவில் முடிந்துவிடும். கேட்கச் சின்ன வித்தியாசம்தான். எங்கள் பஜனையில் பாடும் அக்காவின் சுருதி ஐந்தரைக் கட்டை. சுருதிக் கணக்கில் கட்டை என்றால் குரலின் உயரம்; ஐந்தரை என்றால் அவருடைய சட்ஜமே கீபோர்டில் ஒரு கறுப்புக் கட்டை. அதில் மாயாமாளவகௌளை ராகம் எடுத்தால் ச, ம, ப கறுப்பில், மற்றதெல்லாம் வெள்ளையில். விரல் ஒவ்வொரு தடவையும் இரண்டு கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே நுழைந்து வெளியே வர வேண்டும். என் விரல் அந்த இடுக்குக்குள் போகாது. போனாலும் பக்கத்துச் சுரத்தை உரசிவிட்டுத்தான் வரும்.

அதை விடப் பெரிய கரைச்சல் கட்டையை அழுத்தும் பாரம். கட்டை குட்டையாக இருப்பதால் விரல் கொஞ்சம் உள்ளே போனாலே கட்டை அசையும் அச்சுக்குக் கிட்டப் போய்விடுகிறது. அங்கே அழுத்தினால் இறுகும், நுனியில் அழுத்தினால் இலகு. ஒரே பலத்தில் தொட்டாலும் ஒரு சுரம் அடங்கி வரும், அடுத்தது துள்ளி வரும். வெள்ளைக் கட்டையில் வாசித்தாலும் சுருதியை நகர்த்தித் தரும் டிரான்ஸ்போஸ் போட்டால் கறுப்புக் கட்டைப் பிரச்சினை முடிந்ததே என்பீர்கள். கை ஒன்றைத் தொட, காது இன்னொன்றைக் கேட்பது ஆர்மோனியத்தில் பழகிய எனக்குச் சரிவராது. பிடிவாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு கட்டை, மெல்லத் தொட்டாலும் முழுச் சத்தத்தில் கத்தத் தொடங்கியது. ரேடியோ, டிவி திருத்தும் ஒருவரிடம் கொடுத்தேன். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே றப்பரில் இரண்டு கரித் தொடுகைகள் இருக்கின்றன. முதலாவது தொடுவதற்கும் இரண்டாவது தொடுவதற்கும் இடையில் போகும் நேரத்தை வைத்துத்தான் நாம் எவ்வளவு வேகமாக அழுத்தினோம் என்று அது கணிக்கிறது. அதில் அழுக்குப் படிந்தால் கணக்குக் குழம்பும். மூன்று பக்கமும் கடல் உள்ள எங்கள் ஊரில் உப்புக்காற்று எதைத்தான் விட்டது? ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைத்ததும் சரியாகிவிட்டது. பெரிய கட்டை வைத்த கீபோர்டுகளிலும் பெரும்பாலும் இதே ஏற்பாடுதான், எனவே இதை வாத்தியத்தின் குற்றமாக எழுதவில்லை. ஆனால் அந்தக் குட்டிக் கட்டைகளைக் கழற்றிப் பூட்ட ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. அவர் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

சின்னக் கட்டை என்றாலே மோசம் என்றும் சொல்ல மாட்டேன். 2015இல் யமஹா கொண்டுவந்த ரீஃபேஸ் வரிசையை ஒருவர் வீட்டில் வாசித்துப் பார்த்தேன். அதுவும் 37 சின்னக் கட்டைதான், இரண்டு கிலோ கூட இல்லை. தொடுகை எவ்வளவோ மேல். மனம் வைத்தால் செய்யலாம் என்பது அதில் தெரிகிறது, அதனால்தான் என்னுடையதில் இன்னும் எரிச்சல் வருகிறது.

இவ்வளவு திட்டிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஒரே நேரத்தில் ஒரு சுரம் மட்டும் ஒலிக்கும்படி மோனோவில் வைத்து, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகவைக்கும் கிளைடைக் கொஞ்சம் திறந்து, சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் பிச் சக்கரத்தை இடது கையால் பிடித்துப் பாருங்கள். தோடி ராகத்தின் காந்தாரத்தை அசைக்காமல் பிடித்தால் அது தோடியே இல்லை. ஆர்மோனியத்தில் அதற்கு வழியே கிடையாது, இங்கே சக்கரம் அசைத்துக் கொடுக்கிறது. கோணேசர் கோயில் திருவிழாவில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு முழுத் திருப்தி என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் இந்த ஆட்டத்துக்குள் இறங்கினால் கட்டையின் அளவு மறந்துபோகும். மெல்லமாக ஒரு விரல் போதும், மற்றதைச் சக்கரம் பார்த்துக்கொள்ளும். இரவில் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் சாப்பாடு ஆறிவிடும்.

தம்பிக்கு என் பதில்: வேண்டாம். நீ கல்யாண வீடுகளில் இரண்டு கையாலும் வாசிக்கிறவன். அந்த எம்எக்ஸ் வரிசையிலேயே 61 கட்டை வைத்த எம்எக்ஸ் 61 ஐந்து கிலோ கூட இல்லை, கட்டை முழு அளவு, பஸ்ஸிலும் கொண்டுபோகலாம். வடிவு குறைவுதான், வீடியோக்காரர் திரும்பிப் பார்க்க மாட்டார். எதை எடுத்தாலும் காசு கொடுக்க முதல் ஐந்தரைக் கட்டையில் ஓர் ஆரோகணம் அவரோகணம் மெதுவாக, சத்தம் குறைத்து வாசித்துப் பார். கடைக்காரர் அவசரப்படுத்தினால் படுத்தட்டும்.

அப்புறம், "அப்படியென்றால் உங்களுடையதை எனக்கு விலைக்குத் தாங்கோ" என்று அடுத்த மெசேஜ் போடாதே. தர மாட்டேன்.