பெல்விக் பிசியோ போகலாமா? எங்க வீட்டுல மூணு பேர் போனதை வச்சு ஒரு ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், போகலாம், தாராளமா போகலாம். ஆனா யார்கிட்ட போறோம்ங்கறதுல தான் எல்லாமே இருக்கு. பெல்விக் பிசியோன்னா, யூரின் பை, கர்ப்பப்பை எல்லாத்தையும் கீழேயிருந்து தாங்கற இடுப்புத் தசைக்கு குடுக்கற பிசியோதெரபி.

எனக்கு ரெண்டாவது டெலிவரிக்கு அப்புறம் தும்மினா, இருமினா, குழந்தையைத் தூக்கினா யூரின் லீக் ஆகும். தங்கச்சிக்கு குழந்தை இல்ல, அவளுக்கு பிரச்சனை கீழ வலி. அம்மாவுக்கு மெனோபாஸ் தாண்டினதுக்கு அப்புறம் கீழ ஏதோ இறங்கி நிக்கிற மாதிரி ஒரு கனம், கூடவே பாத்ரூம் போய் சேர்றதுக்குள்ள அவசரம். மூணு பேரும் பார்த்தது ஒரே பிசியோ தான், ஆனா மூணு பேருக்கும் சொன்னது வேற வேற, அதுல ஒண்ணு இன்னொண்ணுக்கு நேர் எதிர். அங்க தான் இந்த சர்வீஸ் மேல எனக்கு நம்பிக்கையே வந்துச்சு.

முதல் விசிட்ல பாதி நேரம் பேச்சு தான். பிரசவம் எப்படி, தையல் போட்டாங்களா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை யூரின் போறீங்க, ராத்திரி எழுந்திருக்கீங்களா, மோஷன் போக முக்க வேண்டியிருக்கா, உறவு நேரத்துல வலி இருக்கான்னு ஒண்ணு விடாம கேட்டாங்க. 3 நாளைக்கு என்ன குடிச்சேன், எப்போ போனேன், எப்போ லீக் ஆச்சுன்னு எழுதிட்டு வரச் சொன்னாங்க. எழுதறது போர் தான், ஆனா அதைப் பார்த்து தான் நிறைய விஷயம் முடிவாகுது.

எல்லாரும் பயப்படற உள்பரிசோதனை பத்தி சொல்லணும்ல. கிளவுஸ் போட்டு விரல் வச்சு, இறுக்குங்க, பிடிச்சு வைங்க, இப்ப விடுங்கன்னு சொல்லி பார்ப்பாங்க, தசையோட பலத்துக்கு 0 முதல் 5 வரை ஒரு கிரேடு குடுப்பாங்க. கருவி எதுவும் உள்ள விட்டு திறக்கற கதை இல்ல. முக்கியமா, செய்யறதுக்கு முன்னாடி சம்மதம் கேக்கணும், நடுவுல நிறுத்துங்கன்னா நிறுத்தணும், வேண்டவே வேண்டாம்னா அடிவயித்து மேல ஸ்கேன் வச்சோ வெளியிலிருந்து பார்த்தோ ஓரளவு சொல்ல முடியும். இதைக் கேக்காம நேரா கிளவுஸ் மாட்டற ஆள்னா எழுந்து வந்துடுங்க.

என் விஷயத்துல தெரிஞ்சது என்னன்னா, நான் இறுக்கும்போது மூச்சைப் பிடிச்சு, பின்பக்கத்தையும் தொடையையும் சேர்த்து இறுக்கிட்டு இருந்தேன், வேலை செய்ய வேண்டிய தசை சும்மா இருந்துச்சு. இது ரொம்ப சகஜமாம், சில பேர் மேல தூக்கறதுக்கு பதிலா கீழ தள்ளுவாங்களாம். வீடியோ பார்த்து செய்யறப்போ இதை யார் வந்து சொல்லப் போறாங்க? கெகல்னு சொல்ற இந்த இறுக்கற எக்சர்சைஸ் பத்தி 1948ல எழுதின கெகல்ங்கற டாக்டரே தசை எவ்ளோ இறுக்குதுன்னு அளக்க ஒரு கருவி வச்சு தான் பயிற்சி குடுத்தார், அளக்கற பாகத்தை விட்டுட்டு இறுக்கறதை மட்டும் ஊரெல்லாம் பரப்பிட்டாங்க.

சரியா செய்ய வந்ததும் ரொட்டீன் சிம்பிள் தான், மெதுவா இறுக்கி பிடிச்சு முழுசா விடறது, அப்புறம் டக் டக்னு வேகமா கொஞ்சம், முதல்ல படுத்துட்டு, அப்புறம் உக்காந்து, நின்னு. பிரிட்டன்ல டாக்டர்களுக்கு வழிகாட்டுதல் எழுதற நைஸ் அமைப்பு சொல்றது ஒரு தடவைக்கு குறைஞ்சது 8 இறுக்கம், ஒரு நாளைக்கு 3 தடவை, குறைஞ்சது 3 மாசம். அதனால ரெண்டு வாரத்துல சரியாகலன்னு விட்டுடாதீங்க. எனக்கு சீக்கிரமா பலன் குடுத்தது வேற ஒரு சின்ன டெக்னிக், தும்மல் வரப்போகுதுன்னு தெரிஞ்சவுடனே முன்கூட்டியே இறுக்கிக்கறது. ஆமா, யூரினை பாதியில நிறுத்தி நிறுத்தி பிராக்டிஸ் பண்ணாதீங்க, அது தப்பு.

தங்கச்சி கதை தான் எல்லாரும் கேக்க வேண்டியது. அவ ஆன்லைன்ல பார்த்து கெகல் பண்ணிட்டே இருந்தா, வலி கூடிட்டே போச்சு. பார்த்தா அவளுக்கு தசை லூஸ் இல்ல, ஏற்கனவே டைட்டு. மூடின முஷ்டியை இன்னும் மூடச் சொன்னா என்ன ஆகும், கை தான் வலிக்கும். அவளுக்கு ஒரு இறுக்கம் கூட குடுக்கல, வயிறு வரைக்கும் மூச்சு இழுத்து விடறது, தளர்த்தறது, ஸ்ட்ரெச், ரொம்ப நாள் கழிச்சு சின்ன சைஸ்ல ஆரம்பிச்சு டைலேட்டர் (பிறப்புறுப்புக்குள்ள வச்சு தசையைத் தளர்த்தப் பழக்கற வழுவழுப்பான குழல்), அதுவும் அவளே அவ கையால, அவ சொல்ற வேகத்துல. ஆரம்பத்துல உள்பரிசோதனை வேணாம்னா, சரின்னுட்டாங்க, முகம் சுளிக்கல. இன்ஃபெக்ஷன், எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சவ்வு மாதிரி திசு வெளியில வளர்றது) மாதிரி காரணம் இருக்கான்னு கைனகாலஜிஸ்டையும் பார்த்துட்டு வரச் சொன்னாங்க. எங்க மூணு பேர்ல அதிக நாள் பிடிச்சது இவளுக்கு தான்.

அம்மாவுக்கு கர்ப்பப்பை இறக்கம், ஆரம்ப நிலை. எக்சர்சைஸ் அதை பழைய இடத்துக்கே தூக்கி வச்சிடாது, ஆனா அந்த கனமும் தொந்தரவும் குறையும்னு நேர்மையா சொன்னாங்க, குறைஞ்சுது. பத்தலன்னா பெஸரின்னு உள்ள வச்சு தாங்கற வளையம் இருக்கு, அப்புறம் தான் ஆபரேஷன் பேச்சு. மெனோபாஸுக்கு அப்புறம் ஈஸ்ட்ரோஜன் குறைஞ்சு அந்த இடம் வறண்டு மெலிஞ்சு போறதால டாக்டர் க்ரீமும் எழுதிக் குடுத்தாங்க. எதுக்கும் இருக்கட்டும்னு அடிக்கடி பாத்ரூம் போற பழக்கத்தை விட்டு, இடைவெளியை கொஞ்சம் கொஞ்சமா கூட்டச் சொன்னாங்க. மலச்சிக்கலுக்கு வெஸ்டர்ன் டாய்லெட்ல காலுக்கு கீழ ஸ்டூல் வச்சு முட்டியை உயர்த்தி உக்காரணும், முக்கக்கூடாது. அம்மா இப்ப அந்த ஸ்டூல் புராணத்தை யாரைப் பார்த்தாலும் ஆரம்பிச்சிடறாங்க.

குறை இல்லாம இல்ல. ரிசப்ஷன்ல எல்லார் முன்னாடியும் சத்தமா என்ன பிரச்சனைன்னு கேக்கறாங்க, இந்த மாதிரி இடத்துல அதுக்கு ஒரு ஃபார்ம் குடுத்தா என்ன? இதுக்கு முன்னாடி நான் போன இடம் இன்னும் மோசம், பேரு வேணாம். பரிசோதனையே கிடையாது, மெஷின் மாட்டி கரண்ட் குடுத்துட்டு போயிடுவாங்க, முழு பேக்கேஜுக்கும் அட்வான்ஸ் வேற. தானா இறுக்கவே முடியாதவங்களுக்கு அந்த கரண்ட் யோசிக்கலாம், வர்றவங்க எல்லாருக்கும் மாட்டறது சரியில்ல. புக் பண்றதுக்கு முன்னாடி ஃபோன்ல ரெண்டு கேள்வி கேளுங்க, பெல்விக் ஹெல்த்ல தனியா ட்ரெய்னிங் எடுத்தவங்களா, தனி ரூமான்னு.

சிசேரியன் ஆனவங்க நமக்கு இது எதுக்குன்னு நினைக்காதீங்க, கர்ப்பமே அந்த தசைக்கு பாரம் தான். வயித்துல குழந்தை இருக்கும்போதே ஆரம்பிக்கறது இன்னும் நல்லது. ஆழமா கிழிஞ்சு தையல் போட்டவங்க கண்டிப்பா போங்க. குதிக்கற ஸ்போர்ட்ஸ்ல இருக்கற சின்னப் பொண்ணுங்களுக்கும் லீக் வரும், கோச்கிட்ட சொல்ல வெக்கப்பட்டே விளையாட்டை விடுவாங்க, அவங்களுக்கும் இது தான் இடம். ஆனா யூரின்ல ரத்தம், மெனோபாஸுக்கு அப்புறம் ப்ளீடிங்னா முதல்ல டாக்டர். திடீர்னு தொடை நடுவுல மரத்துப் போய் யூரின் வரலன்னா நேரா எமர்ஜென்சி.

பீரியட்ஸ் டைம்ல அப்பாயின்ட்மென்ட் விழுந்தா கேன்சல் பண்ணாதீங்க. உள்பரிசோதனையை மட்டும் அடுத்த தடவைக்கு தள்ளி வச்சுக்கலாம், மத்ததெல்லாம் அன்னைக்கே நடக்கும்.