உதகைக் குளிரில் 2005 மாடல் கார்: ஸ்டார்ட்டிங், ஐட்லிங் தொல்லை தீர்ந்த கதை

கோயம்புத்தூரில் ஓடிக்கொண்டிருந்த 2005 மாடல் பெட்ரோல் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டாக வாங்கி உதகைக்குக் கொண்டுவந்து சில குளிர்காலங்கள் ஆகிவிட்டன. 1.1 லிட்டர், நான்கு சிலிண்டர், எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும். ஏற்றத்தில் இழுவை போதும். தோட்டத்துக் குறுகிய பாதையில் எதிரே ஜீப் வந்தால் பின்னுக்கு எடுத்து ஒதுங்குவது சுலபம். இத்தனை நல்ல வண்டிக்கு ஒரே வியாதி, காலையில் எழுந்திருக்காது.

செல்ஃப் நெடுநேரம் சுற்றிய பிறகே எஞ்சின் பிடிக்கும். பிடித்ததும் ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் தானாகச் சுற்றும்போது, நிமிடத்துக்கு 600 சுற்றுக்கும் 900 சுற்றுக்கும் இடையே முள் அலையும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஆஃப். ஒருமுறை சூடேறிவிட்டால் பிரச்சினையே இல்லை. மேட்டுப்பாளையம் இறங்கிவிட்டால் சாவியைத் தொட்டதுமே பற்றிக்கொள்ளும்.

பிளக் மாற்றுங்கள், இன்ஜெக்டரைச் சுத்தம் செய்யுங்கள், எஞ்சினுக்குள் காற்று போகும் த்ராட்டில் பாடியில் கார்பன் பிடித்திருக்கிறது என்று போகும் இடமெல்லாம் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஓர் ஒர்க்‌ஷாப்பில் காற்றுத் திருகைத் திருப்பி ஐட்லிங்கை ஏற்றிவிட்டார்கள். வண்டி ஆஃப் ஆவது குறைந்தது. சிக்னலில் நிற்கும்போது உறுமத் தொடங்கியது. திருகைத் திருப்புவது எனக்குப் பிடிக்காத வைத்தியம். நோய் அப்படியே இருக்கும், அடையாளம் மட்டும் மறையும். அடுத்து வண்டியைப் பார்க்கிறவர் குழம்பிப்போவார்.

குளிரில் மட்டும் வரும் கோளாறுக்கு முதலில் கேட்க வேண்டியது, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எதெல்லாம் வேறுபடுகிறது என்பதுதான். பேட்டரியின் வலு குறைகிறது, ஆயில் கெட்டியாகிறது, பெட்ரோல் சரியாக ஆவியாவதில்லை. அதை ஈடுகட்ட, எஞ்சினை இயக்கும் கணினியான ஈ.சி.யூ. கூடுதலாகப் பெட்ரோல் ஊற்ற வேண்டும். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் சூடேறி வேலைக்கு வரும் வரையில் பெட்ரோல், காற்றுக் கலவையைத் திருத்தவும் ஆள் கிடையாது. அந்த நேரத்தில் எவ்வளவு ஊற்றுவது என்பதைப் பெரும்பாலும் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் வெப்பநிலையை அளக்கும் சென்சாரின் சொல்லை நம்பியே ஈ.சி.யூ. முடிவு செய்கிறது.

முதலில் பேட்டரியைப் பார்த்தேன். இரவு முழுக்க நின்ற பிறகும் 12.5 வோல்ட். செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே இறங்கவில்லை. ஆனால் மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்துச் செல்ஃப் அடித்தபோது ஏறக்குறைய ஒரு வோல்ட் காட்டியது. அரை வோல்ட்டைத் தாண்டினாலே பேட்டரியின் நெகட்டிவை எஞ்சினோடு இணைக்கும் எர்த் வயரைச் சந்தேகிக்க வேண்டும். கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கிய பிறகு செல்ஃப் வேகமாகச் சுற்றியது. எஞ்சின் பிடிப்பது மட்டும் பழையபடியே இருந்தது.

அடுத்தது பெட்ரோல் பிரஷர். பம்பின் வால்வு கசிந்தால் இரவில் லைன் காலியாகிவிடும். இதைப் பார்க்கக் கருவி வேண்டியதில்லை. சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுபோய், பம்பின் முனகல் நின்றதும் ஆஃப் செய்து, இப்படியே சிலமுறை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால் பம்ப் பக்கம் கோளாறு. என் வண்டியில் எந்த மாற்றமும் இல்லை.

மிஞ்சியது சென்சார். இணையத்தில் வாங்கிய ஸ்கேனர் கருவி இந்த வண்டியோடு பேச மறுத்துவிட்டது. வண்டியே தன் கோளாறைக் கண்டறிந்து ஸ்கேனருக்குச் சொல்லும் ஏற்பாடான ஓ.பி.டி.யின் இரண்டாம் நிலை இந்தியாவில் 2013-இல்தான் கட்டாயமானது, அதற்கு முந்தைய வண்டிகளில் பலவற்றுக்கு இதே கதைதான். ஆகவே விடியற்காலையில் கனெக்டரைக் கழற்றி சென்சாரின் ஓம் அளவை நேரடியாகப் பார்த்தேன். இவ்வகைச் சென்சார் குளிர்ந்தால் மின்தடை கூடும், சூடானால் குறையும். 20 டிகிரியில் சுமார் 2.4 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் சொச்சம். அன்றைய காலைக் குளிருக்கு 4 கிலோ ஓமாவது காட்டியிருக்க வேண்டும், காட்டியது 1.2. பனி படிந்த பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நான் நடுங்கிக்கொண்டிருக்க, எஞ்சின் 40 டிகிரியில் இருப்பதாகச் சென்சார் சாதித்துக்கொண்டிருந்தது. செக் எஞ்சின் விளக்கும் எரியாது. வயர் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோ ஈ.சி.யூ. கண்டுபிடிக்கும், 40 டிகிரி என்பது எந்த எஞ்சினுக்கும் வரக்கூடிய அளவுதானே, அதைப் பொய்யென்று அதற்கு எப்படித் தெரியும்?

புதிய சென்சார் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்தேன். எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை, சென்சார் இருக்க வேண்டிய இடத்தில் கனெக்டரின் இரண்டு முனைகளுக்கும் இடையே செருகினேன். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்தது, ஐட்லிங்கும் அலையாமல் நிலைத்தது. இந்த வேடிக்கையைச் சில நொடிகளில் முடித்துவிட வேண்டும். எஞ்சின் எவ்வளவு சூடானாலும் ஈ.சி.யூ. அதைக் குளிர்ந்ததாகவே எண்ணிப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கும்.

புதிய சென்சார் போட்டதும் காலைத் தொல்லை போயிற்று. உடனே அடுத்த தொல்லை வந்தது. மைலேஜ் சரிந்தது, ஊருக்குள் எவ்வளவு ஓடினாலும் ஐட்லிங் 1,100-ஐ விட்டு இறங்கவில்லை. சென்சார்தான் தவறானது, திருப்பிக் கொடுங்கள் என்று நண்பர் ஒருவர் அறிவுரை சொன்னார். என் பார்வை டாஷ்போர்டில் இருந்த வெப்பநிலை முள்ளின் மேல் போனது. அது அடிக்கோட்டைவிட்டு எழுந்ததாகவே நினைவில்லை. ஹீட்டரிலும் வெதுவெதுப்புக்கு மேல் வந்ததில்லை.

எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய கூட்டைத் திறந்தால் காலி. நம் ஊரில் இது பழைய வழக்கம். வண்டி ஓவர்ஹீட் ஆனால் முதல் வேலையாக அதைக் கழற்றி வீசிவிடுவார்கள். “வெயில் ஊருக்கு அது எதற்கு சார்?” என்று சமவெளியில் கேட்காத மெக்கானிக்கைத் தேட வேண்டும். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சினில் தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்துகொண்டே இருக்கும். கோவை வெயிலில் இது வெளியே தெரியாமல் போயிருக்கலாம். 2,240 மீட்டர் உயரத்தில் எஞ்சின் நாள் முழுக்க முழுச்சூடு அடைவதே இல்லை. பொய் சொன்ன பழைய சென்சார் இதை மூடி மறைத்திருக்கிறது. புதிய சென்சார் உண்மையைச் சொன்னதும், ஈ.சி.யூ. குளிர்ந்த எஞ்சினுக்கு உரிய பெட்ரோலையும் ஐட்லிங்கையும் கொடுக்கத் தொடங்கியது. பாவம், ஒழுங்காக வேலை செய்த ஒரே உறுப்பின் மேல் பழி விழப் பார்த்தது.

82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் ஒன்றை வாங்கி, மாட்டுவதற்கு முன் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்தேன். உதகையில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் வால்வு முழுதாகத் திறக்காமல் நின்றால் பழுது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். திறக்கத் தொடங்குகிறதா என்று பார்த்தால் போதும். எஞ்சின் காற்றை உறிஞ்சும் வலுவைப் பாதரச அங்குலத்தில் காட்டும் வேக்குவம் மீட்டரும் அப்படித்தான். சமவெளியில் 18 அங்குலத்துக்கு மேல் காட்டும் நல்ல எஞ்சின் இங்கே ஆறேழு அங்குலம் குறைவாகக் காட்டும். ரேடியேட்டரில் இருந்த பழைய குழாய்த் தண்ணீரையும் இறக்கிவிட்டுக் கூலன்ட் நிரப்பினேன். செங்கல் நிறத்தில் வடிந்த அந்தத் தண்ணீரைப் பார்த்தபோது சென்சார் கெட்டதில் வியப்பில்லை என்று தோன்றியது. தலைகுந்தா பக்கம் வண்டியை இரவில் நிறுத்துகிறவர்கள் வெறும் தண்ணீரோடு விளையாட வேண்டாம். அங்கே உறைபனி விழும்.

முள் நடுக்கோட்டுக்கு வந்தது, ஐட்லிங் 900-க்கு இறங்கியது. மிச்சமிருந்த லேசான அலைச்சலுக்குக் காரணம், எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை மீண்டும் உள்ளே இழுக்கும் பி.சி.வி. ஹோஸின் அடிப்பக்க வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் தெரியாது. விரலால் தடவினால் நகம் மாட்டும். கார்புரேட்டர் கழுவும் ஸ்பிரேயான கார்ப் கிளீனரை அடித்து இப்படிப்பட்ட கசிவைத் தேடுவது வழக்கம். சூடான எஞ்சினின் மேல் எரியும் திரவத்தைத் தெளிக்க எனக்குத் துணிவில்லை. ஹோஸ்களை ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்த்தாலே ஐட்லிங் மாறும் இடம் பிடிபடும். ஹோஸை மாற்றி, திருகையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்த பின் 800-இல் நிற்கிறது. சென்சார், தெர்மோஸ்டாட், ஹோஸ் மூன்றும் சேர்ந்து ஒரு டேங்க் பெட்ரோல் விலைகூட ஆகவில்லை.

அதன்பிறகு வந்த குளிர்காலங்களில் வண்டி காலை வாரிவிடவில்லை. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததிலிருந்து, பல நாள் நின்ற வண்டி முதல் சில நொடிகள் லேசாகத் திணறுகிறது. எத்தனால் ஆவியாவதற்கு அதிக வெப்பம் கேட்கும். அதற்கேற்ற கலவைக் கணக்கும் இந்தப் பழைய ஈ.சி.யூ.வில் இல்லை. பெட்ரோல் லைனின் ரப்பர் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிட்டேன். எஞ்சின் வால்வுகளின் இடைவெளியைச் சரிசெய்யும் டேப்பட் செட்டிங் மட்டும் பாக்கி. மழை விட்டதும் அதையும் பார்க்க வேண்டும்.