எம்டி ரெய்டா, இசட்எஃப்எஸ் மிரரா: நான் எதை எடுத்தேன்

ஆபீஸ் ஃபைல் சர்வரில் ஒரு டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கையில் (டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் அறிக்கை) 197ஆவது எண், அதாவது சரியாகப் படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் பெண்டிங் செக்டார்களின் எண்ணிக்கை, பல மாதம் பூஜ்யமாகவே இருந்துவிட்டு ஒரு நாள் காலையில் 8 என்று காட்டியது. இரண்டு டிஸ்க்கையும் மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்தபோது, ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கிலும் பிரதியாக (மிரர்) வைக்க, லினக்ஸில் பழகிய எம்டி ரெய்டிலேயே இருப்பதா, ஃபைல் சிஸ்டமும் மிரரும் ஒன்றாகவே வரும் இசட்எஃப்எஸ்ஸுக்குப் போவதா என்ற கேள்வி வந்தது. இசட்எஃப்எஸ்ஸுக்குப் போய்விட்டேன்.

ஒரு டிஸ்க் மொத்தமாகப் போனால் இரண்டும் ஒன்றுதான். படிக்க முடியாத செக்டார் வந்தாலும் அப்படித்தான், அடுத்த டிஸ்க்கிலிருந்து எடுத்து கெட்ட இடத்தில் திரும்ப எழுதும், தேவைப்பட்டால் டிஸ்க்கே அதை உபரி செக்டாருக்கு மாற்றிக்கொள்ளும்.

எனக்கு முடிவைத் தந்தது வேறு விஷயம். டிஸ்க் எந்தப் பிழையும் சொல்லாமல் தப்பான டேட்டாவை நீட்டினால் என்ன ஆகும்? சோதனைக்காக இரண்டு அமைப்பிலும் ஒரு டிஸ்க்கின் நடுவே, டிஸ்க்கில் நேரடியாக எழுதும் டிடி கமாண்டால் குப்பையை எழுதினேன். எம்டி ரெய்டில், இரண்டு டிஸ்க்கையும் ஒப்பிடும் செக் ஓட்டியதும் மிஸ்மேட்ச் (பொருந்தாத இடங்கள்) எண்ணிக்கை ஏறியது, அவ்வளவுதான். இரண்டில் எது சரி என்று அதற்குத் தெரியாது. ரிப்பேர் என்று சொன்னால் ஒரு பக்கத்தை எடுத்து மற்றதன் மேல் எழுதிவிடும், அது கெட்ட பக்கமாகவும் இருக்கலாம். இசட்எஃப்எஸ் ஒவ்வொரு பிளாக்கின் செக்சம்மையும் (டேட்டா மாறியதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) அந்த பிளாக்கோடு வைக்காமல் அதைச் சுட்டும் மேல் பிளாக்கில் வைப்பதால், எல்லா டேட்டாவையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப் ஓடும்போதே எந்த டிஸ்க் பொய் சொல்கிறது என்று கண்டுபிடித்து, நல்ல பிரதியிலிருந்து திருத்திவிட்டு, ஸ்டேட்டஸில் அந்த டிஸ்க்குக்கு நேரே பிழை எண்ணிக்கையைக் காட்டியது. கணக்கு வழக்கு ஃபைல்கள் இருக்கும் சர்வரில் இதைவிட எனக்கு என்ன வேண்டும்!

எம்டி பக்கமும் நியாயம் இருக்கிறது. அது லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே இருக்கிறது. இசட்எஃப்எஸ் உரிமச் சிக்கலால் வெளியே இருப்பதால், டெபியன் லினக்ஸில் கர்னல் மாறும்போதெல்லாம் அதன் மாட்யூல் மறுபடி கம்பைல் ஆக வேண்டும். எம்டிக்கு அடியில் டிஎம்-இன்டெக்ரிட்டி என்ற லினக்ஸ் அடுக்கைப் போட்டாலும் செக்சம் கிடைக்கும், ஆனால் அதை நான் சோதனை மெஷினைத் தாண்டி ஓட்டியதில்லை. ஆறு, எட்டு டிஸ்க் ரெய்டு-இசட் (இசட்எஃப்எஸ்ஸின் பல டிஸ்க் ரெய்டு) பற்றியும் எனக்கு அனுபவம் குறைவு, நான் சொல்வதெல்லாம் இரண்டு டிஸ்க் மிரருக்கு.

அப்புறம், எதை எடுத்தாலும் தப்பாக டெலீட் செய்தால் இரண்டு டிஸ்க்கிலும் போய்விடும், பேக்கப் தனியாக வேண்டும். டிஸ்க் வாங்கும்போது எர்ரர் ரெக்கவரி நேரத்தை (கெட்ட செக்டாரைப் படிக்க டிஸ்க் திரும்பத் திரும்ப முயலும் நேரம்) 7 விநாடிக்குக் குறைக்க முடிகிறதா என்றும் பாருங்கள். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் ஒரே செக்டாரோடு நிமிடக்கணக்கில் மல்லுக்கட்டும், லினக்ஸ் வழக்கமாக 30 விநாடிதான் காத்திருக்கும், அதற்குள் பதில் வராவிட்டால் டிஸ்க்கையே கெட்டதாக ஒதுக்கிவிடலாம்.