தனுஷ்கோடிக்கு ஒருநாள் ட்ரிப்பா, தடைக்காலத்துல வீட்டு வாசலா?

எங்க வீட்ல வருசா வருசம் இதே பஞ்சாயத்துதான். ஏப்ரல் 15 ஆனா மீன்பிடி தடைக்காலம்னு விசைப்படகு கரையேறிரும், ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மச்சானும் வீட்லதான் இருப்பாரு, உடனே பிள்ளைங்க வேன் பிடிங்க, தனுஷ்கோடி முனையில இருக்க அரிச்சல்முனை போவோம்னு ஆரம்பிச்சிரும்.

போனா நல்லாத்தான் இருக்கும், இல்லன்னு சொல்லல. 1964 புயல்ல மிஞ்சுன சர்ச் சுவரை பாத்தா அத்தைக்கு பேச்சே வராது. ஆனா வேன் வாடகை, வெயிலு, சின்னவனுக்கு வாந்தி, ஆளுக்கொரு பக்கம் செல்ஃபி, இருட்டுறதுக்குள்ள திரும்பணும்னு அவசரம் வேற. வீடு வந்தா எல்லாரும் சுருண்டு படுத்துருவோம், யாரு யார்கிட்ட என்ன பேசுனோம்னு கேட்டா ஒண்ணும் இருக்காது.

வாசல்ல அப்படி இல்லங்க. சாயங்காலம் வேப்பமரத்தடில மாமா கிழிஞ்ச வலைய விரிச்சு உக்காருவாரு, கால் பெருவிரல்ல வலைய மாட்டி இழுத்துக்கிட்டே கண்ணி கண்ணியா முடிச்சு போடுவாரு, பெரியவ ஊசில நூல் சுத்தி குடுப்பா, நான் நாட்டுப்படகுல வந்த சூடை மீன ஆஞ்சுக்கிட்டு இருப்பேன் (அதுக்கு தடை இல்லல்ல, வெலதான் கூட). அப்பத்தான் பெரியவ தனக்கு கணக்கு வரலன்னு வாயத் தொறந்தா, மூணு மாசமா எங்கிட்ட சொல்லாதத அவ தாத்தாகிட்ட சொன்னா!

செலவுன்னு பாத்தா டீத்தூளு, சீனி, அவ்ளோதான். கையில காசு வராத மாசம் வேற.

என்னைய கேட்டா வாசல்தான். ஆனா சின்னவன் விடமாட்டான், பாம்பன் புதுப்பாலத்துல ரயில் போறதையாவது காட்டணுமாம், ஞாயித்துக்கிழமை பஸ்லயே போயிட்டு வந்துருவோம்.