உடற்கூறு படிக்க: ஹோலோலென்ஸா, டிசெக்‌ஷன் மேசையா?

அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம், கண்முன்னே முப்பரிமாண உருவங்களைக் காட்டும், தலையில் அணியும் மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ் கண்ணாடியை வைத்து உடற்கூறு கற்பிக்க ஹோலோஅனாடமி என்ற மென்பொருளை உருவாக்கியது. அதையும், இறந்த உடலை அறுத்துப் படிக்கும் பழைய டிசெக்‌ஷன் மேசையையும் மாணவர் பக்கம் நின்று பார்ப்போம்.

கழுத்திலிருந்து அக்குள் வழியாகக் கைக்கு இறங்கும் நரம்புப் பின்னலை எடுத்துக்கொள்ளுங்கள். மேசையில் அதைத் தேட, கொழுப்பை மணிக்கணக்கில் விலக்க வேண்டும்; கத்தி சற்றுத் தவறினால் நரம்பே அறுந்துவிடும். உடல் கெடாமல் இருக்கப் போடும் ஃபார்மலினின் நெடி வேறு கண்ணை எரிக்கும். கண்ணாடியில் அதே பின்னல் அறை நடுவே மிதக்கிறது. சுற்றி நடந்து, குனிந்து, பின்பக்கமிருந்தும் பார்க்கலாம். வகுப்பு முழுவதும் ஒரே உருவத்தைப் பார்ப்பதால் ஆசிரியர் எதைக் காட்டுகிறார் என்ற குழப்பமில்லை. 2020 ஊரடங்கில் மாணவர்கள் வீட்டிலிருந்தே இப்படிப் படிக்கவும் முடிந்தது.

சரி, குறை? ஹோலோலென்ஸ் 2 எடை 566 கிராம். நேரமாக ஆக நெற்றியும் கழுத்தும் அதை உணரும். பார்வைப் பரப்பும் குறுகல்தான், அருகே போனால் உருவத்தின் ஓரம் வெட்டுப்படும். 2019-இல் அறிவித்தபோது விலை 3,500 டாலர். 2024-இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் என்னை உறுத்துவது வேறு. தமனி எப்படித் துவளும், தசைநாண் எவ்வளவு இறுக்கம் என்பதை விரல்தான் சொல்லும். ஆளுக்கு ஆள் ரத்தக்குழாய் கிளைவிடும் விதமும் மாறும். அதை உண்மையான உடல்தான் காட்டும். அதனால் அமைப்பைப் புரிந்துகொள்ள முதலில் கண்ணாடி, அப்புறம் மேசை என்பேன். ஒன்றுதான் கிடைக்கும் என்றால், மேசையையே கேட்பேன்.