அம்பாசிடர் கண்ணாடி ரப்பர்: செட்டிநாட்டு வெயிலில் எது தாங்குது, எது தாங்காது

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் வீட்டு ஷெட்டுகளில் நிற்கும் பழைய அம்பாசிடர்களுக்கு என்ஜினும் பெயின்ட்டும் நல்லாவே இருக்கும். வெடிச்சுக் கிடக்கிறது ரப்பர்தான். வண்டி ஓடாமல் நிற்பதும் இதற்கு ஒரு காரணம். கதவு மாதக்கணக்கில் சாத்தியே கிடந்தால் பீடிங் (கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டை) அமுங்கின வாக்கிலேயே தங்கிவிடும், திறந்தாலும் எழும்பாது. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் இழுபட்டு நிற்கிற இடத்தைத்தான் முதலில் பிளக்கும். அதனால்தான் மூலைகள் முந்திக்கொள்கின்றன.

காப்பாற்றுவதா, மாற்றுவதா என்பதை நகமே சொல்லிவிடும். அழுத்தி எடுத்ததும் தடம் மறைந்து, வெடிப்பும் 1 மி.மீ. ஆழத்துக்குள் இருந்தால் ஒட்டிப் பார்க்கலாம். மூலையில் ரப்பர் கண்ணாடியை விட்டு விலகியிருந்தால் அது சுருங்கிவிட்டது என்று அர்த்தம், எந்தப் பசையும் அதை நீட்டாது.

ஒட்டுவதென்றால் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். வெடிப்பின் இரு ஓரமும் மாஸ்கிங் டேப். நியூட்ரல் வகை (காடி வாடை அடிக்காத) கருப்பு சிலிகானை உள்ளே அழுத்தித் திணித்து, பழைய ஏ.டி.எம். கார்டால் வழித்து, ஈரம் இருக்கும்போதே டேப்பை உரித்துவிட்டு 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் காடி வாடை அடிக்கும் சிலிகான். அதிலிருந்து வெளிவருவது அசிட்டிக் அமிலம், ரப்பருக்கு அடியில் இருக்கும் தகரத்தை அரித்துவிடும். முன்கண்ணாடி மாதிரி அசையாத கண்ணாடியில் இந்த ஒட்டு நன்றாகவே நிற்கிறது. கதவு பீடிங்கில் சாத்தித் திறக்கும் உராய்வில் ஓரம் ஓரமாக உரிந்துவிடும், அங்கே பரிந்துரைக்க மாட்டோம். ஒரு எச்சரிக்கை: சிலிகான் பட்ட இடத்தில் பெயின்ட் குழிகுழியாகப் பிரியும். வண்டிக்குப் பெயின்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பெயின்டர் திட்டுவதைக் கேட்க வேண்டியிருக்கும்.

தேங்காய் எண்ணெய், டீசல், பழைய கிரீஸ் மூன்றும் வேண்டாம். பூசின அன்று கருகருவென்று மின்னும், பிறகு ரப்பர் ஊதிக் கொழகொழத்துப் போகும்.

முன்கண்ணாடி ரப்பரை மாற்றுவதற்கு இரண்டு ஆள் வேண்டும். பழையதைக் கத்தியால் அறுத்து எடுத்ததும் கண்ணாடி உட்காரும் தகர விளிம்பைப் பாருங்கள். நீர் ஒழுகுவதற்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கும்: துரு பொருக்குப் பொருக்காக எழும்பி ரப்பரைத் தூக்கியிருக்கும். 80 நம்பர் உப்புத்தாள், பிறகு 180, துருநீக்கி, அதன்மேல் ரெட் ஆக்சைடு பிரைமர். முழுதாகக் காயாமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. (துருவை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் காரைக்குடியிலேயே இருக்கிறது. நம் ஊர் வண்டிகளுக்கு அது தெரியாது போலும்.)

புது ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, தகரத்தைக் கவ்வும் பள்ளத்தில் 4 மி.மீ. நைலான் கயிற்றைச் சுற்றிலும் பதியுங்கள். இரு நுனியும் கீழ் நடுவில் ஒரு சாண் அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கட்டும். விளிம்பெல்லாம் சோப்புத் தண்ணீர். ஒருவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்த, மற்றவர் உள்ளிருந்து கயிற்றைக் கண்ணாடியின் நடுவை நோக்கி இழுக்க, ரப்பர் உதடு தகரத்தின் மேல் ஏறி உட்காரும். மூலையில் அவசரப்பட்டுக் குத்தினால் கண்ணாடியில் விரிசல் விழுந்துவிடும். பி.யூ. (பாலியூரித்தேன்) பசையை இங்கே போடாதீர்கள், அடுத்த முறை கண்ணாடி முழுசாக வெளியே வராது.

கதவு பீடிங்கை மீட்டர் கணக்கில் வாங்கும்போது அதில் குழாய் மாதிரி இருக்கும் பகுதியின் தடிமன்தான் முக்கியம். பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினால் இடைவெளி அப்படியே அச்சாக விழும். அதைப்போல ஒன்றரை மடங்கு தடிமன் சரி. அதற்குமேல் போனால் கதவை அறைந்து சாத்த வேண்டிவரும். வெட்டும்போது இழுத்துப் பிடித்து வெட்டாமல் மீட்டருக்கு 5 மி.மீ. கூடுதலாக விடுங்கள், இணைப்பு அடிப்பக்கம் வரட்டும். முன்கதவு முக்கோணக் கண்ணாடியின் ரப்பர்தான் கிடைப்பது கஷ்டம். மதுரை, திருச்சி கடைகளில் இல்லையென்றால் சென்னை புதுப்பேட்டையில் தேடலாம்.

எல்லாம் மாற்றியும் கதவுக்குள் தண்ணீர் தளும்பினால் ரப்பரைக் குறை சொல்லாதீர்கள். கண்ணாடி வழியே கொஞ்சம் நீர் உள்ளே இறங்குவது இயல்பு, அது வெளியேறக் கதவின் அடியில் ஓட்டைகள் உண்டு. நம் செம்மண் புழுதி அவற்றைச் சிமென்ட் மாதிரி அடைத்துவிடுகிறது. சைக்கிள் ஸ்போக் கம்பியால் குத்திவிட்டால் போதும்.

சித்திரைக்கு முன்னால் ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை சிலிகான் கிரீஸை விரல் நுனியில் எடுத்து மெல்லிசாகத் தடவுங்கள். ஒட்டு வேலை பாக்கி இருந்தால் முதலில் அது முடியட்டும், கிரீஸ் பட்ட இடத்தில் எதுவும் ஒட்டாது. கண்ணாடி ஏறி இறங்கும் ஃபெல்ட் சேனலுக்கு (கம்பளி மாதிரித் துணி ஒட்டிய பள்ளம்) மட்டும் கிரீஸ் கூடாது. புழுதி அதில் ஒட்டி, ஒவ்வொரு முறை இறக்கும்போதும் கண்ணாடியில் கோடு கிழிக்கும். அதற்குக் காய்ந்துவிடும் சிலிகான் ஸ்பிரே போதும்.